யாருக்காக மூடுகிறோம்?



இந்த மாதம் ஒரு சங்கடமான காரியத்தை எழுதுகிறேன். குடும்ப ஜெபத்தில் சத்தமாய் வாசிக்கச் சிலருக்குக் கூச்சமாயிருக்கும். பரவாயில்லை, தனியாக உட்கார்ந்து வாசியுங்கள். கலியாணம் ஆகாத ஒரு வாலிபப் பிள்ளை, தான் கர்ப்பமாயிருக்கிறதாக வந்து சொல்லுகிறாள். அல்லது ஒரு வாலிபன், தனக்கு ஏதோ வியாதி ஒட்டிக்கொண்டதோ என்று நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். அதைக் கேட்ட ஊழியன் வாயைத் திறக்கலாமா, மூட வேண்டுமா? திறந்தால் யாரிடத்தில்? மூடினால் எதுவரைக்கும்?

"நம்ம சபையில அப்படியெல்லாம் நடக்காது பாஸ்டர்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நடக்கவில்லை என்பதற்கும் நம்மிடம் வந்து சொல்லவில்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதற்கு மேல் அவர்களோடு நான் வாக்குவாதம் பண்ணப்போவதில்லை.

என் சொந்தத் தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் ஊழியத்துக்கு வந்த மூன்றாம் வருஷம். அப்போது நாங்கள் இந்த ஊரில் இல்லை, வேறே மாவட்டம். சபையில் 19 வயசுள்ள ஒரு பிள்ளை இருந்தாள், நல்ல சாட்சியுள்ள குடும்பம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காத்திருப்புக் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிற்பாடு, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த என் மனைவியிடம் வந்து, "பாஸ்டரம்மா, எனக்கு ரெண்டு மாசமா நாள் தள்ளிப்போயிருக்கு. என்ன பண்றதுன்னு தெரியல. அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்தே போயிருவாரு. யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்று சொல்லி அழுதிருக்கிறாள். ராத்திரி என் மனைவி என்னிடம் சொன்னாள். (என்னிடம் சொல்லட்டுமா என்று அந்தப் பிள்ளையைக் கேட்டுவிட்டல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். புருஷனும் மனைவியும் ஒரே மாம்சம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை நம்பினது அவளை, என்னை அல்ல.)

அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். எனக்குள் ஒரே பாரம். பேர் சொல்லாமல்தான் சொன்னேன். "நம்ம சபையில ஒரு வாலிப சகோதரி பெரிய கண்ணியில மாட்டியிருக்கா. குடும்பமே தலைகுனியக்கூடிய காரியம். பேர் வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும். பாரத்தோட ஜெபிங்க" என்றேன். ஜெபித்தார்கள். கண்ணீரோடே ஜெபித்தார்கள், அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் உபவாசத்தை முடித்துக் கஞ்சி குடிக்கிற நேரத்தில் கணக்கு ஆரம்பமாயிற்று. எங்கள் சபை மொத்தம் 40 பேர். அதில் வாலிபப் பெண்பிள்ளைகள் ஏழு பேர். அன்றைக்கு ஜெபத்துக்கு வராதவள் ஒருத்தி. கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பாகவே அது அவளுடைய சித்தி காதுக்குப் போய், அங்கேயிருந்து தகப்பனார் காதுக்குப் போய்விட்டது. வீட்டில் அடி விழுந்தது. செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து டவுனில் யாரோ ஒரு பெண்ணிடம் போயிருக்கிறாள். அந்தப் பெண் டாக்டர் அல்ல, நர்ஸும் அல்ல. வியாழக்கிழமை இரத்தப்போக்கோடும் காய்ச்சலோடும் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். மூன்று ராத்திரி எங்களுக்குத் தூக்கமில்லை. பிழைத்துக்கொண்டாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். குழந்தை இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தத் தகப்பனார் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நீங்க ஜெபிச்சீங்களா, தண்டோரா போட்டீங்களா?"

பிரியமானவர்களே, ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளை எங்களிடம் வந்தபோது கருவைக் கலைக்க வேண்டும் என்று வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வந்தாள். யோசிக்க அவளுக்கு நாட்கள் இருந்தன. அந்த நாட்களை என் ஜெபக்குறிப்பு எடுத்துப்போட்டது. கர்ப்பத்தில் உருவான பிள்ளையைத் தேவன் அறிந்திருக்கிறார் என்று 139-ம் சங்கீதத்திலிருந்து பிரசங்கம் பண்ணுகிறவன் நான்.

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் பிரசங்கம் தயாரிப்பது எப்படி, கல்லறை ஆராதனை நடத்துவது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் நம்பிச் சொன்னதை எப்படிக் காப்பது என்று ஒரு மணி நேரப் பாடம்கூட எங்களுக்கு இல்லை. கத்தோலிக்க சபையில் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லக்கூடாது. 1215-ல் கூடின நான்காம் லாத்தரன் சங்கமே, அதை மீறுகிற குருவானவரைப் பதவியிலிருந்து நீக்கி, ஆயுசுபரியந்தம் மடத்துக்குள் தவம் பண்ண அனுப்ப வேண்டும் என்று விதித்தது. அவர்கள் உபதேசத்தோடு எனக்கு ஒத்துப்போகாதவை அநேகம், ஆனால் இந்த ஒரு ஒழுங்கைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். நம்முடைய சபைகளோ சாட்சியினால் வளர்ந்தவை. மைக்கைப் பிடித்துச் சொல்லுகிறது நமக்கு இரத்தத்தில் ஊறினது. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடும்படி யாக்கோபு எழுதினான் என்று சொல்லுவோம். தன் குற்றத்தைத்தான் அறிக்கையிடச் சொன்னான். அடுத்தவளுடைய குற்றத்தை அல்லவே! இப்போது வாட்ஸ்அப் ஜெபக் குழுவும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

ஆதியாகமம் 9-ம் அதிகாரத்தில் நோவா குடித்து வெறித்துக் கூடாரத்துக்குள் வஸ்திரம் விலகிக் கிடக்கிறான். காம் பார்த்தான், வெளியே வந்து சொன்னான். சொன்னது பொய்யில்லை, நடந்ததைத்தான் சொன்னான். சேமும் யாப்பேத்தும் ஒரு வஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னிட்டு நடந்துபோய் மூடினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டே போனார்கள். தகப்பன் செய்தது சரி என்று அவர்கள் சொல்லவில்லை. வெறித்தது வெறித்ததுதான். மூடுகிறது ஒன்று, நியாயப்படுத்துகிறது வேறொன்று.

"அப்படி மூடினால் பாவத்துக்கு இடம்கொடுக்கிறதாகாதா? பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்க வேண்டும் என்று பவுல் எழுதவில்லையா?" என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். 1 தீமோத்தேயு 5-ம் அதிகாரத்தை எடுத்து முந்தின வசனத்தோடு சேர்த்து வாசித்துப்பாருங்கள். அங்கே பேச்சு மூப்பர்களைப் பற்றினது! மூப்பருக்கு எழுதின கட்டளையை நாம் மூப்பருக்குப் பிரயோகிக்கிறதில்லை, 19 வயசுப் பிள்ளைக்குப் பிரயோகிக்கிறோம். 1 கொரிந்தியர் 5-லும் சபையைவிட்டு நீக்கச் சொன்னது அந்த மனுஷனைத்தான். அந்த ஸ்திரீயைக் குறித்துப் பவுல் ஒரு தண்டனையும் எழுதவில்லை.

மனுஷன் என்றதும் யூதாவின் ஞாபகம் வருகிறது. ஆதியாகமம் 38. மருமகள் தாமார் கர்ப்பமாயிருக்கிறாள் என்று மூன்று மாசத்துக்குப் பின் அவனுக்குச் சேதி வருகிறது. அவளை வெளியே கொண்டுவந்து சுட்டெரிக்க வேண்டும் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான், ஒரு கேள்வி கேட்கவில்லை. கர்ப்பத்துக்குக் காரணம் யார் என்றால், அவன்தான். அவனுடைய முத்திரை மோதிரமும் ஆரமும் கைக்கோலும் அவள் கையில் இருந்தன. அவைகள் இல்லாதிருந்தால் அவளைச் சுட்டெரித்திருப்பார்கள். நம்முடைய சபைகளில் கையில் மோதிரமும் கோலும் இல்லாத தாமார்கள் எத்தனை பேர்! நான் சொன்ன அந்தப் பிள்ளையின் காரியத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பின பிறகுகூட, "பையன் யாரு?" என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, வாயை மூடிக்கொண்டாயிற்று. அதற்குப் பிறகு அவளிடம் என்ன சொல்லுகிறது? நான் என்ன விசுவாசிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் இருக்கிறது ஜீவன், அது தேவனுடைய ஈவு. கலைக்கும்படி நான் ஒருவருக்கும் ஆலோசனை சொல்லமாட்டேன். அதே நேரத்தில், சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை அவளிடமிருந்து நான் ஒளித்துவைக்கவும் மாட்டேன். இதற்காக என்னைக் கோபித்துக்கொண்ட ஊழியர்கள் உண்டு. "அதையெல்லாம் சொல்லாம இருந்தாத்தானே பிள்ளையைப் பெத்துக்குவா" என்பார்கள். தேவனுக்காகப் பொய் பேசுவீர்களோ என்கிற அர்த்தத்தில் யோபு தன் சிநேகிதரைக் கேட்ட கேள்வி 13-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே நான் நின்றுபோனேன். நான் மறைத்தால் அவள் கேட்காமல் இருக்கப்போவதில்லை. வேறே யாரிடத்திலாவது, தெரியாத ஒருவரிடத்தில் கேட்பாள். எங்கள் பிள்ளை கேட்டதுபோல.

ஆகையால் ஊழியர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டியதைச் சுருக்கமாய் எழுதுகிறேன். நம் தேசத்தில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்தது, 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரைக்கும் பதிவுபெற்ற ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். அதற்கு மேல் 24 வாரம் வரைக்கும், சட்ட விதிகளில் சொல்லியிருக்கிற சில நிலைமைகளில் உள்ள பெண்களுக்கு, இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும். 18 வயசு நிறைந்தவளானால் அவளுடைய சம்மதம் மாத்திரமே சட்டத்துக்குத் தேவை, தகப்பன் கையெழுத்தோ புருஷன் கையெழுத்தோ வேண்டியதில்லை. 18-க்குக் கீழே என்றால் கார்டியன் எழுதிக் கொடுக்க வேண்டும். கலியாணம் ஆனவள், ஆகாதவள் என்று பாகுபாடு பண்ணக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் தீர்ப்புக் கொடுத்தது. அவளுடைய பேரையும் விவரத்தையும், சட்டம் அனுமதித்தவர்களைத் தவிர வேறே யாருக்காவது டாக்டர் வெளியிட்டால், ஒரு வருஷம் வரைக்கும் சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ உண்டு.

அந்தக் கடைசி வரியை நான் முதல்முறை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உலகத்தின் சட்டம் டாக்டர் நாவுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. அந்நியபாஷை பேசுகிற என் நாவுக்கு அன்றைக்குக் கடிவாளம் இல்லாமல் போயிற்றே!

இன்னொரு எச்சரிப்பு. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தானாகவே போட்டுக்கொள்ளுகிற பழக்கம் வாலிபப் பிள்ளைகளுக்குள் இருக்கிறது. அந்த மாத்திரை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதது, ஒன்பது வாரத்துக்குள் மாத்திரம் கொடுக்க அங்கீகரிக்கப்பட்டது. கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைத் தீர்க்காது. குழாய் வெடித்து உள்ளுக்குள்ளே இரத்தம் கொட்டி உயிரே போகும். எந்த முடிவை எடுக்கிறவளானாலும் முதலில் ஒரு நல்ல பெண் டாக்டரிடம் போய் எத்தனை வாரம், கரு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கூடப்போக ஒரு ஆள் வேண்டும். என் மனைவி போகிறாள்.

பெற்றுக்கொள்ளுகிறேன் என்று சொல்லுகிறவளுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? இதில்தான் எனக்கு அதிக பாரம். "கலைக்காதே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்புகிற சபை, ஏழாம் மாசத்தில் அவள் எங்கே தங்குவாள் என்று யோசித்திருக்கிறதா? ஆகார் வனாந்தரத்தில் ஓடினபோது கர்த்தருடைய தூதனானவர் நீரூற்றண்டையில் அவளைக் கண்டு, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்றுதான் முதலாவது கேட்டார். நாம் அந்த இரண்டையும் கேட்கிறதில்லை, யாரோடே போனாய் என்று கேட்கிறோம். ஆகார் அந்த இடத்தில் தேவனுக்கு ஒரு பேரே வைத்தாள், தன்னைக் காண்கிறவர் என்று. தன்னைக் கண்டும் காட்டிக்கொடுக்காதவர் என்று நான் அதோடு சேர்த்துக்கொள்ளுவேன்.

பிள்ளையைப் பெற்று வளர்க்க முடியாதவளுக்கும் வழி இருக்கிறது. சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பமானது அநேகருக்குத் தெரியும். இப்போது 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின்படி, மாவட்டத்திலுள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன்பாகப் போய்ப் பிள்ளையை ஒப்படைக்கலாம். மனசு மாறினால் திரும்பக் கேட்க இரண்டு மாசம் அவகாசம் உண்டு. அதன் பிறகுதான் தத்துக்குப் போகும். நம் சபைகளில் நடக்கிற ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையில்லாத ஒரு விசுவாசித் தம்பதியாரைப் பார்த்து, ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையைக் கைமாற்றி, அற்புதம் என்று சாட்சியும் சொல்லிவிடுகிறோம். அது சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனை உண்டு. அதைவிட, திரும்பக் கேட்க அந்தத் தாய்க்கு இருக்கிற அந்த இரண்டு மாசத்தை நாம் பறித்துப்போடுகிறோம்.

வாலிபன் காரியத்தைக் குறித்து அதிகம் எழுத வேண்டியதில்லை. வியாதி பயத்தோடு வருகிறவனை ஜெபித்து அனுப்பினால் மாத்திரம் போதாது, அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிற நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். பரிசோதனை இலவசம், அவன் சம்மதத்தோடுதான் எடுப்பார்கள், முன்னும் பின்னும் உட்காரவைத்துப் பேசுவார்கள். எச்.ஐ.வி. உள்ளவன் என்பதை அவன் சம்மதமில்லாமல் வெளியே சொல்லுவதை 2017-ம் வருஷத்துச் சட்டம் தடைபண்ணுகிறது. சுகமாக்குகிற கர்த்தர்மேல் எனக்கு முழு விசுவாசம் உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்துக்கு வா என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

இதுவரைக்கும் வாசித்தவர்கள், "அப்படியானால் எதையும் யாரிடத்திலும் சொல்லவே கூடாது" என்று முடிவுபண்ணியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் முடிவுபண்ணினேன். அங்கேதான் இரண்டாந்தரம் தவறினேன்.

அது முந்தினதற்குச் சில வருஷம் கழித்து. இந்தத் தடவை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் எழுதமாட்டேன், எழுதவும் கூடாது. என் பங்கை மாத்திரம் எழுதுகிறேன். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க ஐயா, அப்பத்தான் சொல்வேன்" என்றாள். என் மனைவியும் பக்கத்தில் இருந்தாள். பழைய காரியம் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்ததினால், "சத்தியமா சொல்ல மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் சொன்னாள். செய்தவன் பெரிய மனுஷன். அவள் இஷ்டப்பட்டு நடந்தது அல்ல, ஒருநாள் நடந்ததும் அல்ல.

நியாயாதிபதிகள் 11-ல் யெப்தா ஒரு பொருத்தனை பண்ணினான். வீட்டு வாசலிலிருந்து முதலாவது புறப்பட்டு வருவது யார் என்று தெரியாமலே வாக்குக் கொடுத்தான். வந்தது அவன் மகள். வாய் அவனுடையது, விலை கொடுத்தது அந்தப் பெண்பிள்ளை.

2012 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிற போக்சோ சட்டத்தின்படி, 18 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இப்படிப்பட்ட குற்றம் நடந்திருக்கிறது என்று அறிகிற எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவனுக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறைத்தண்டனை உண்டு. பாஸ்டருக்கு விலக்கு இல்லை. எனக்கு இது தெரியும். தெரிந்தும் சத்தியம் பண்ணினேன். இரண்டு ராத்திரி ஒன்றும் செய்யாமல் முழங்காலில் இருந்தேன். முழங்காலில் இருந்தேன் என்று சொல்லும்போது பரிசுத்தமாய்க் கேட்கிறது, ஆனால் அது பயம்தான். இதற்குள் காரியம் எப்படியோ பெரியவர்கள் இரண்டு பேருக்குத் தெரிந்து, "வெளிய போனா சபை பேரு கெட்டுரும் பாஸ்டர். உள்ளேயே கூப்பிட்டுக் கண்டிச்சு, ஆறு மாசம் திருவிருந்து கொடுக்காம நிறுத்தி வைப்போம்" என்றார்கள். ரகசியம் காப்பதைப் பற்றி என்னையே எனக்குப் பிரசங்கம் பண்ணினார்கள்.

அப்போது 2 சாமுவேல் 13-ம் அதிகாரம் என் கண்முன் வந்தது. அங்கேயும் ஒரு தாமார் இருக்கிறாள், தாவீதின் குமாரத்தி. அம்னோன் வியாதிக்காரனைப்போலப் படுத்துக்கொண்டு அவளைத் தன் அறைக்குள் வரவழைத்துக் கெடுத்துப்போட்டான். அவள் தலையின்மேல் சாம்பலைப் போட்டுக்கொண்டு, கைகளைத் தலையின்மேல் வைத்து, சத்தமிட்டு அழுதுகொண்டு போனாள். அவள் மறைக்கவில்லை. கூடப்பிறந்த அப்சலோம்தான், இப்போதைக்குப் பேசாமல் இரு, அவன் உன் சகோதரன் அல்லவா, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று வாயை அடைத்தான். தாவீது ராஜா கேள்விப்பட்டுக் கோபப்பட்டான், அவ்வளவுதான், ஒன்றும் செய்யவில்லை. தாமார் அப்சலோமின் வீட்டில் பாழாய்க் கிடந்தாள். இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் கொலை விழுந்தது.

சேமும் யாப்பேத்தும் மூடினதும் மௌனம். அப்சலோம் மூடினதும் மௌனம். வெளியேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வஸ்திரம் யார்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். விழுந்துகிடக்கிறவர்மேல் விழுந்தால் அது ஒன்று. தள்ளிவிட்டவன்மேல் விழுந்தால் அது வேறே.

மூன்றாம் நாள் 1098-க்கு நான் போன் பண்ணினேன். பிள்ளைகளுக்கான உதவி எண் அது. வந்தவர்கள் நான் பயந்ததுபோல நடந்துகொள்ளவில்லை. வாக்குமூலம் எடுக்க வந்த பெண் அதிகாரி யூனிபார்ம் இல்லாமல் வந்தார், வீட்டிலேயே எழுதிக்கொண்டார். சட்டமே அப்படித்தான் சொல்லுகிறதாம். பெண்பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், ராத்திரியில் பிள்ளையைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது, பேரையும் படத்தையும் பத்திரிகையில் போடக்கூடாது. இதையெல்லாம் நான் முன்னமே தெரிந்துவைத்து அவளுக்குச் சொல்லியிருந்தால் அவளுக்கு இருந்த பயத்தில் பாதி குறைந்திருக்கும். அவள் என்னைப் பார்த்து, "சத்தியம் பண்ணீங்களே ஐயா" என்றாள். எனக்குப் பதில் இல்லை. செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அவளை ஏமாற்றினதும் எனக்குத் தெரியும். சபையில் பாதிப்பேர் அதன்பிறகு என்னோடே பேசவில்லை. அது எனக்குப் பெரிதாய்த் தோன்றவில்லை. அந்தப் பிள்ளையின் கேள்விதான் இன்னும் இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் எனக்கு முழுச் சமாதானம் இல்லாத ஒரு இடமும் உண்டு, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். 17 வயசுப் பிள்ளையும் 18 வயசுப் பையனும் ஒருவரையொருவர் நேசித்துத் தவறிப்போனாலும், சட்டத்தின் கண்ணில் அவள் சம்மதம் சம்மதம் அல்ல. பையன் ஜெயிலுக்குப் போவான். இதற்குப் பயந்துதான் அநேகப் பெற்றோர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் நாட்டு வைத்தியத்துக்குப் போகிறார்கள். 2022 தீர்ப்பிலே நீதிபதிகள் இதைக் கவனித்து, பிள்ளையும் கார்டியனும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கிற தகவலில் டாக்டர் அவளுடைய பேரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று சொன்னார்கள். இது பெற்றோருக்குத் தெரிய வேண்டும். 18-க்குள்ளே கலியாணம் பண்ணிவைத்துக் காரியத்தை மூடிவிடலாம் என்று என்னிடம் யாரும் வரவேண்டாம். அதுவும் குற்றம், நான் நடத்திவைக்க மாட்டேன்.

இப்போது எங்கள் வாலிபர் கூடுகையில் வருஷத்துக்கு இரண்டுதரம், ஒரு பிரச்சினையும் இல்லாத நாளிலேயே, நான் எழுந்து இதைச் சொல்லிவிடுகிறேன். "நீங்க எங்ககிட்ட சொல்றதை உங்க அப்பாகிட்டயும் சொல்ல மாட்டோம், மூப்பர்கிட்டயும் சொல்ல மாட்டோம், ஜெபக்குறிப்பாகவும் வராது. பெண்பிள்ளைங்க நேரா அம்மாகிட்ட போங்க. என்கிட்ட சொல்லலாமான்னு அவங்க உங்களைக் கேட்டுட்டுத்தான் சொல்வாங்க. ஆனா 18 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு ஒருத்தன் கெடுதல் பண்ணியிருந்தாலோ, உங்க உயிருக்கே ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, அதை மாத்திரம் எங்களால மூடிவைக்க முடியாது. அப்பவும் யார்கிட்ட சொல்லப்போறோம்னு முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டு, உங்களோட கூட வருவோம்." அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பாகவே இதைச் சொல்லுகிறேன். 1098, பெண்களுக்கான 181, உடல்நல ஆலோசனைக்கு 104 ஆகிய மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். 2014-ல் மத்திய அரசு ஆரம்பித்த திட்டத்தின்கீழ் 10 முதல் 19 வயசு வரைக்கும் உள்ளவர்களுக்கென்று அரசு ஆஸ்பத்திரிகளில் ஆலோசனை மையங்கள் உண்டு என்பதையும் சொல்லுகிறேன். முதல்தரம் சொன்னபோது பெற்றோர் இரண்டு பேர், "பிள்ளைங்களுக்கு நீங்களே வழிகாட்டுறீங்களா?" என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் பிற்பாடு எதற்காகத் தனியே என்னைத் தேடி வந்தார் என்பதை நான் எழுத முடியாது.

ஒன்று மீதியிருக்கிறது. முதலாவது சொன்ன அந்தப் பிள்ளையின் காரியத்தை எழுத எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் இப்போது வேறே ஊரில் புருஷனோடும் பிள்ளைகளோடும் இருக்கிறாள். சபைக்குப் போகிறாளா என்று நாங்கள் கேட்டதில்லை. என் மனைவி போனில் பேசினாள். ஊரும் காலமும் இன்னும் சிலவும் தெரியாதபடி எழுதலாம் என்றும், அச்சுக்குப் போகுமுன் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னாள். போன வாரம் ராத்திரி என் மனைவி வாசித்தாள். அவள் நடுவிலே ஒன்றும் பேசவில்லை. முடிந்த பிற்பாடு, தன் தகப்பனாரைப் பற்றின ஒரு வரியை மாத்திரம் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.